விசிறிக்குப் பின்னால் இருந்த உப்பு

2023 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு என் மடிக்கணினி முதல் தடவையாகப் பட்டென்று அணைந்தது. மின்வெட்டு இல்லை. பேட்டரியில் நூறு வீதம் இருந்தது. கத்தாரில் வேலை செய்யும் தம்பியும் நானும் ஒரே அணியில் நின்று, கார்களை ஓட்டிப் பந்தடிக்கும் ஒரு விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தோம். அவனுக்கு வெள்ளி விடுமுறை. அந்த இரண்டு மணிநேரத்தில்தான் அம்மாவின் கால்வலி, அவனுடைய சம்பளம், அறையில் கூட இருப்பவனின் குறட்டை என்று எல்லாப் பேச்சும் வரும். விளையாட்டு அதற்கு ஒரு சாட்டு. உடனே தொலைபேசியில் அழைத்து, "அக்கா, என்ன நடந்தது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. விசைப்பலகையின் மேல் வரிசையில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய புட்டுக்குழலைத் தொட்டதுபோல் இருந்தது. அன்றிலிருந்து அந்தக் கணினி ஒழுங்காக ஓட நான்கு மாதங்களும், வீணாகப் போன 56,000 ரூபாயும் ஆயின. அந்த நான்கு மாதங்களில் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கணினியைத் தம்பி 2018 இல் பம்பலப்பிட்டியில் 230,000 ரூபாய்க்கு வாங்கினான். இன்டெல் ஐ7-8750எச் புரொசசர், என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் சிப். கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயிலில் பெட்டியை மடியில் வைத்தபடி திருகோணமலை வரை தூங்காமல் வந்து சேர்ந்தான். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்தபோது அவன் வேலை செய்த இடம் மூடப்பட்டது. அந்த வருடக் கடைசியில் தோஹாவுக்குப் புறப்படும்போது, "நீங்கள் வைத்திருங்கள் அக்கா, உங்கள் தொழிலுக்கு உதவும்" என்று சொல்லி என்னிடம் தந்தான். திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். அதே தரத்தில் புதியது ஒன்று எடுப்பதற்கு 2023 இல் விலை கேட்டேன். நான்கு இலட்சத்துக்கு மேல் சொன்னார்கள். ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

எங்கள் வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில் இருக்கிறது. கடற்கரைக்கு நடந்து போக ஐந்து நிமிடம். என் மேசை கிழக்குப் பக்க ஜன்னலோரம் இருந்தது, காற்று வரட்டும் என்று நானே தேடிப் போட்ட இடம். மே மாதம் கச்சான், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்பது இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மலைநாட்டைத் தாண்டும்போது ஈரத்தையெல்லாம் அங்கே இறக்கிவிட்டு, வறண்டு, சூடேறி, புழுதியை அள்ளிக்கொண்டு அந்தக் காற்று வரும். பின்னேரமானால் கடற்காற்று உப்பைக் கொண்டுவரும். இரும்பு ஜன்னல் கம்பிக்கு வருடத்துக்கு ஒரு தடவை வர்ணம் பூசாவிட்டால் அது செதில் செதிலாக உரியும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். அதே காற்றைத்தான் அந்தக் கணினி ஒவ்வொரு நிமிடமும் உள்ளிழுக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

நான் முதலில் செய்தது கூலிங் பேட், அதாவது கணினிக்கு அடியில் வைக்கும் விசிறிப் பலகை, வாங்கியது. ஐந்து விசிறி, நீல வெளிச்சம், 7,500 ரூபாய். இரண்டு நாட்கள் நிம்மதியாக இருந்தேன், ஏனென்றால் அந்த இரண்டு நாட்களும் மழை மூட்டமாக இருந்தன. மூன்றாம் நாள் மீண்டும் அணைந்தது. பிறகுதான் கணினியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அதன் காற்றுத் துளைகள் பின்விளிம்புக்குப் பக்கத்தில் இரண்டு மூலைகளிலும் இருந்தன; கூலிங் பேட்டின் பெரிய விசிறியோ நடுவில், வெறும் பிளாஸ்டிக்குக்கு நேரே காற்றை அடித்துக்கொண்டிருந்தது. உங்கள் கணினியின் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமல் இப்படி ஒன்றை வாங்காதீர்கள். உள்ளே அடைப்பு இருந்தால் துளைக்கு நேரே விசிறி இருந்தாலும் பெரிய பயன் இல்லை. அந்தப் பலகைக்குப் பதிலாக, பின்பக்கம் இரண்டு மரத்துண்டுகளை வைத்து மூன்று சென்றிமீற்றர் உயர்த்திய நாளில், ஒரு சதமும் செலவில்லாமல் அதைவிட நல்ல பலன் கிடைத்தது.

அடுத்து நகரத்தில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். "உள்ளே தூசி, தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும் தங்கச்சி, 5,000 ரூபாய்" என்றார்கள். சிப்பின் சூட்டை அதன் மேலுள்ள தகட்டுக்குக் கடத்தப் பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட். என் கண் முன்னாலேயே ஊதும் இயந்திரத்தை எடுத்துக் காற்றுத் துளைக்குள் அடித்தார்கள். உள்ளே இருந்த விசிறி விசில் அடிப்பதுபோல் கீச்சென்று சுழன்றது. தூசி பறந்தது. எனக்கு அது திருப்தியாகவும் இருந்தது, அத்தனை தூசி வெளியே போகிறதே என்று. அந்தச் சத்தம்தான் என் இடப்பக்க விசிறியின் பேரிங்கைக் கொன்ற சத்தம் என்பது செப்டெம்பரில்தான் புரிந்தது. அது சுழல வேண்டிய வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழற்றப்பட்டால் பேரிங் தாங்காது. சுழலும் விசிறி சின்ன டைனமோபோல மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். ஊதுவதானால் விசிறியின் இதழை ஒரு ஈர்க்கினாலோ பல்குத்தும் குச்சியினாலோ அசையாமல் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும். நீங்கள் கடையில் கொடுத்தாலும், பக்கத்தில் நின்று இதைச் சொல்லுங்கள். சொன்னால் கோபப்படுகிற கடையாக இருந்தால் கணினியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் நிலைமை முன்பைவிட மோசமானது. முன்பு அரை மணிநேரம் விளையாட முடிந்தது, இப்போது பத்து நிமிடம். தம்பியிடம் "இன்றைக்கு வேலை இருக்கிறது" என்று இரண்டு வெள்ளிக்கிழமை பொய் சொன்னேன். அவன் வாங்கித் தந்த பொருளை நான் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலைக் கடைசியில் மூதூரிலிருந்து ஒரு திருமணக் காணொளி வேலை வந்தது. முற்பணம் 40,000 ரூபாய். மாப்பிள்ளை மூன்று வாரத்தில் வெளிநாடு திரும்ப வேண்டும், அதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. தொகுப்பு முடிந்தது. முழுப் படத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் வேலை மட்டும் மிச்சம். இரண்டரை மணிநேரக் காணொளி. ஒவ்வொரு தடவையும் இருபது, முப்பது வீதத்தில் கணினி அணைந்தது. ஒன்பது தடவை முயன்றேன். ஒன்பதாவது தடவை திறக்கும்போது தொகுப்புக் கோப்பே பழுதாகியிருந்தது. மூலக் காட்சிகள் வெளி வன்தட்டில் பத்திரமாக இருந்தன. பதினொரு நாள் உழைப்பு போய்விட்டது. முற்பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மூதூருக்குப் போனேன். அந்தத் தாய் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "பரவாயில்லை பிள்ளை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ" என்றார். திரும்பி வரும் வழி முழுவதும் அழுதேன். காணொளி வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கணினி ஒரு தடவை தானாக அணைந்துவிட்டால், அதே வேலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் தொகுப்புக் கோப்பை வேறு இடத்தில் பிரதி எடுங்கள். பிறகு படத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக வெளியே எடுத்து, கடைசியில் ஒட்டுங்கள். அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பணம் என் கையை விட்டுப் போயிருக்காது.

ஓகஸ்டில் இன்னொரு கடை. பார்வையிடும் கட்டணம் 3,500 ரூபாய். இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, கிராபிக்ஸ் சிப் பழுதாகிவிட்டது, மெயின்போர்ட் மாற்ற வேண்டும், 65,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என்ன சோதனை செய்தீர்கள், எத்தனை பாகை காட்டியது என்று கேட்டேன். பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது, நானும் இத்தனை நாளாக ஒரு தடவைகூட வெப்பத்தை அளந்து பார்க்கவில்லை. காய்ச்சல் என்று தெரிந்தும் வெப்பமானியை வைக்காமல் மருந்து மருந்தாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று இரவே, கணினியின் வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு, நேரம், அறையின் வெப்பம், புரொசசர், கிராபிக்ஸ் சிப், இரண்டு விசிறிகளின் வேகம் என்று எழுதத் தொடங்கினேன். எதுவும் ஓடாமல் சும்மா இருக்கும்போதே புரொசசர் 68 பாகை. விளையாட்டைத் திறந்து நான்கு நிமிடத்தில் 98. கிராபிக்ஸ் சிப் 93. அந்தப் புரொசசருக்கு எல்லை 100 பாகை. அதை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைக்கும். 3.9 கிகாஹேர்ட்ஸில் ஓடியது என் கண் முன்னாலேயே 1.3 க்கு இறங்கியது. விளையாட்டு திக்கித் திக்கி ஓடியதற்குக் காரணம் அதுதான், நான் இணையத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காதபோது கணினி அணைந்துவிடுகிறது. முக்கியமான எண் கொப்பியின் கடைசி நிரலில் இருந்தது. வலது விசிறி நிமிடத்துக்கு 4,800 சுற்று. இடது விசிறி 900, சில நேரம் பூச்சியம்.

எண்ணை மட்டும் நம்பாமல் இன்னொரு சோதனையும் செய்தேன், இதற்கு மென்பொருள் தேவையில்லை. டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, காற்று வெளியே வரும் வாயின் முன்னால் பிடியுங்கள். விசிறி உரத்து ஓடும்போது தாள் நன்றாகப் படபடக்க வேண்டும். எனக்கு வலப்பக்கம் இலேசாக அசைந்தது. இடப்பக்கம் தொங்கியபடியே நின்றது. விசிறி உரத்துச் சத்தம் போட்டும் தாள் அசையவில்லை என்றால் விசிறிக்கும் வெளிவாய்க்கும் நடுவே அடைப்பு இருக்கிறது. சத்தமும் இல்லை, அசைவும் இல்லை என்றால் விசிறியே போய்விட்டது. இந்த இரண்டு நிமிடச் சோதனையை மே மாதத்திலேயே செய்திருந்தால் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

திறப்பதற்கு ஒரு வாரம் பயந்தேன். அதே மாதிரிக் கணினியைத் திறந்து காட்டும் காணொளிகளை மூன்று தடவை பார்த்தேன். சின்னத் திருப்புளிப் பெட்டி 1,800 ரூபாய், ஐசோபுரொப்பில் ஆல்கஹால் 1,200, நல்ல தெர்மல் பேஸ்ட் 3,200, சூட்டைக் கடத்தும் மெத்தைபோன்ற தெர்மல் பேட் 2,300. மொத்தம் 8,500. மருந்துக்கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும் என்று ஒருவர் சொன்னார். அதில் தண்ணீரும் சிலவற்றில் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் நான் தொடவில்லை. கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். பிறகு ஆற்றல் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினேன். ஒரு பெரிய தாளில் கணினியின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்திலேயே குத்தி வைத்தேன். நீளமான திருகாணியைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் மெயின்போர்டைத் துளைத்துவிடும், அதனால் இந்தத் தாள் வேலையை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

இடது விசிறியைக் கழற்றிப் பார்த்தபோது சில நிமிடம் எனக்குக் கோபம்தான் வந்தது. விசிறி காற்றைத் தள்ளும் இடத்தில், செம்புக் குழாயின் முனையில் மெல்லிய தகடுகள் சீப்புப்போல நெருக்கமாக இருக்கும். அந்தச் சீப்பின் வாயை முழுவதுமாக மூடி ஒரு சாம்பல் நிறத் துணி இருந்தது. உண்மையிலேயே துணிபோல. சாதாரணத் தூசி ஊதினால் பறந்துவிடும். எங்கள் ஊர்த் தூசியில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் பட்ட தூசி ஒட்டிக் கெட்டியாகும். சாமணத்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தபோது அது ஒரே துண்டாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து ஊதியபோது இது அசையவே இல்லை, ஏனென்றால் இது தகட்டின் உள்பக்கம், விசிறியின் பக்கம் இருக்கிறது. அங்கே பறந்தது மேலோட்டமான தூசி மட்டும். ஆகவே "துப்புரவு செய்தோம்" என்று யாராவது சொன்னால், விசிறியைக் கழற்றினீர்களா என்று கேளுங்கள். கழற்றாவிட்டால் அது துப்புரவு ஆகாது.

திருகாணித் தலைகளில் வெள்ளைப் பொரி, செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு. இடது விசிறியை விரலால் தள்ளினால் கால் சுற்றுச் சுற்றி நின்றது. சிப்பின் மேல் பொருத்தியிருந்த வெப்பத் தகட்டைத் தூக்கியபோது இன்னொன்று தெரிந்தது. முதல் கடையில் கிராபிக்ஸ் சிப்பைச் சுற்றியுள்ள நினைவகச் சில்லுகளுக்குத் தடிப்பான தெர்மல் பேட்டை வைத்திருந்தார்கள். இருக்க வேண்டியது 1 மில்லிமீற்றர், அவர்கள் வைத்தது 2 மில்லிமீற்றர். அதனால் தகடு சிப்பின் மேல் சரியாக உட்காரவில்லை. பூசிய பேஸ்ட் நசுங்காமல் பூசியபடியே இருந்தது. பழுதாகிவிட்டது என்று 65,000 ரூபாய் சொல்லப்பட்ட கிராபிக்ஸ் சிப்பின் நோய் அதுதான். பேட் மாற்றும்போது பழையதன் தடிப்பை அளந்து அதே அளவில்தான் வாங்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் கெடுதல்.

பழைய பேஸ்டை ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, சிப் கண்ணாடிபோல் பளபளக்கும்வரை விடவில்லை. மடிக்கணினியின் சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது, ஆகவே நடுவில் ஒரு பொட்டு வைத்தால் மூலைகள் காய்ந்துபோகலாம். முழுப் பரப்பிலும் மெல்லியதாகப் பரப்பினேன். தகட்டின் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண்கள் பொறித்திருக்கும். அந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்க வேண்டும். திரவ உலோகம் பூசினால் இன்னும் பத்துப் பாகை குறையும் என்று பலர் ஆசை காட்டுவார்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி தவறி விழுந்தால் மெயின்போர்ட் போய்விடும். கடலோரத்தில், முதல் தடவை திறக்கும் ஒருவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் பூட்டிக் கணினியை இயக்கியபோது இரவு இரண்டு மணி. சும்மா இருக்கையில் 47 பாகை. விளையாட்டில் அரை மணிநேரம் கழித்துப் புரொசசர் 86, கிராபிக்ஸ் சிப் 74. இடது விசிறி இன்னும் நோஞ்சானாகவே இருந்தும் இவ்வளவு. அம்மாவை எழுப்பிக் கொப்பியைக் காட்டினேன். அந்த எண்கள் அவருக்கு விளங்கியிராது, ஆனாலும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பிறகு, காசு செலவில்லாத வேலைகளில் இறங்கினேன். இவற்றைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும். விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் புரொசசரின் உச்ச நிலை 100 வீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கினால் அந்தப் புரொசசர் தன் அடிப்படை வேகத்துக்கு மேல் பாயாது. என்னுடையதற்கு அது 2.2 கிகாஹேர்ட்ஸ். ஒரு வீதம்தான் குறைத்தோம் என்று தோன்றும், 15 பாகைக்கு மேல் இறங்கியது. நாங்கள் விளையாடும் விளையாட்டுக்கு அந்த வேகம் தாராளம். காணொளியை வெளியே எடுக்கும் நாட்களில் மட்டும் மீண்டும் 100 ஆக்குகிறேன். அடுத்தது, விளையாட்டில் படவேகத்துக்கு, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதற்கு, எல்லை வைப்பது. என் திரை 144 ஹேர்ட்ஸ். எல்லை வைக்காவிட்டால் கிராபிக்ஸ் சிப் தன்னால் முடிந்தவரை ஓடி வேகும். 60 இல் நிறுத்தினேன். சிப் 74 இலிருந்து 63 க்கு வந்தது. புரொசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழியும் முன்பு இருந்தது. 2019 டிசம்பரில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானபின், பல கணினிகளில் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு அதைப் பூட்டிவிட்டது. என்னுடையதிலும் பூட்டியிருந்தது. அதைத் திறக்கப் பழைய பயாஸை ஏற்றும் அபாயத்துக்கு நான் போகவில்லை.

அறையின் வெப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். கணினியின் விசிறி அறைக் காற்றைத்தான் அடிக்கிறது, அதைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க அதனால் முடியாது. என் கொப்பியில் கச்சான் அடிக்கும் பிற்பகலில் தகட்டுக் கூரையின் கீழ் அறை 36 பாகை, விடியற்காலை நான்கு மணிக்கு 28. அந்த எட்டுப் பாகை வித்தியாசம் அப்படியே சிப்பிலும் தெரிகிறது. குளிரூட்டி பற்றி யோசித்தேன். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியிருந்த நேரம் அது, கட்டுப்படியாகவில்லை. ஆகவே பெரிய வேலைகளை எல்லாம் விடியற்காலைக்கு மாற்றினேன். மேசையையும் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து உள் அறைக்கு மாற்றினேன். வெளிச்சம் குறைவு, கடல் தெரியாது, எனக்கு அது பெரிய குறைதான். ஆனால் அதற்குப் பிறகு தகட்டில் அடை சேரும் வேகம் பாதியாகக் குறைந்ததைக் கண்ணால் கண்டேன். வேலை முடிந்ததும் கணினி முழுமையாக ஆறிய பிறகே பருத்தித் துணியால் மூடுகிறேன். சூட்டோடு மூடக்கூடாது.

விசிறி இரண்டையும் வெளிநாட்டிலிருந்து 8,000 ரூபாய்க்கு வரவழைத்தேன். ஐந்து வாரம் பிடித்தது. கணினியின் மாதிரிப் பெயரை மட்டும் பார்த்து வாங்காமல், பழைய விசிறியின் ஒட்டுத்தாளில் உள்ள எண்ணையும் இணைப்பியின் கம்பிகள் எத்தனை என்பதையும் ஒப்பிட்டு வாங்குங்கள். இடது, வலது இரண்டும் வேறு வேறு. ஒரு வருடத்தில் பேஸ்ட் மீண்டும் ஓரத்துக்கு ஒதுங்கி 5 பாகை ஏறியிருந்தது. சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுமாம். இரண்டாவது தடவை பேஸ்டுக்குப் பதிலாக ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாளை வெட்டி வைத்தேன். 45 பாகையளவில் இளகித் தானே படியும், பேஸ்ட்போல ஒதுங்குவதில்லை. இன்றுவரை எண்கள் ஏறவில்லை.

2024 ஏப்ரலில் இன்னொரு பாடம். டச்பேட் அழுத்த முடியாமல் இறுகிப்போனது. பழைய நானாக இருந்திருந்தால் டச்பேட் பழுது என்று கடைக்கு ஓடியிருப்பேன். மேசையில் வைத்தபோது கணினி இலேசாக ஆடியதைக் கவனித்தேன். திறந்தால் பேட்டரி தலையணைபோல் உப்பியிருந்தது. அத்தனை மாதச் சூடும், எப்போதும் சார்ஜரில் நூறு வீதம் நிரம்பியபடி இருந்ததும் சேர்ந்து செய்த வேலை. உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் ஏற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். உடனே கழற்றி, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத சீமெந்துத் தரையில் வைத்தேன். வீட்டுக் குப்பையோடு போடாமல், இலத்திரனியல் கழிவு சேர்ப்பவர்களிடம் ஒப்படைத்தேன். புதியது 21,000 ரூபாய். அதை இப்போது 60 வீதத்துக்கு மேல் ஏறவிடாமல் அமைத்திருக்கிறேன். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

இப்போது வருடத்தில் மூன்று தடவை திறக்கிறேன்: கச்சானுக்கு முன் சித்திரையில், கச்சான் முடிந்ததும், பிறகு வாடைக்காற்று ஓய்ந்து தையில். பழகிவிட்டதால் நாற்பது நிமிடம்தான். மாதத்துக்கு ஒரு தடவை டிஷ்யூத் துண்டைப் பிடித்துப் பார்த்துக் கொப்பியில் குறிக்கிறேன். சென்ற மாதம் மூதூரிலிருந்து அதே தாய் அழைத்தார். இளைய மகளுக்கு ஆவணியில் திருமணம், "நீதான் செய்து தர வேண்டும் பிள்ளை" என்றார். முற்பணம் வேண்டாம், முடித்துக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆவணி என்றால் கச்சான் காலம். ஆடிக் கடைசியிலேயே ஒரு தடவை திறந்துவிட வேண்டும்.